இனி நான் விடயத்துக்கு வருகிறேன்

ஹலீம்: ...இல்ல சேர், கோவிச்சுக்கொள்ள வேணாம். ஒரு பெட்டி பழுதென்டா நெனச்ச நேரத்தில நிக்கணும். ஒங்கட பெட்டி வசனம் பார்த்து நிக்குது. மூணு கூட்டத்திலயும் ஒரே வசனம்.

சேதுராமன்: பெட்டி என்று சொல்லாதே ஹலீம். அதற்குப் பெயர் இருக்கிறது. சேதுசக்தி.

ஹலீம்: சரி, சேதுசக்தி. நீங்க மேடையில "ஆகவே அவையோரே, இனி நான் விடயத்துக்கு வருகிறேன்" என்டு சொல்ற. கையைத் தூக்குற. சேதுசக்தி படுத்துடுற. மைக் ஊமை.

சேதுராமன்: தற்செயல்.

ஹலீம்: ஒருக்கா தற்செயல். மத்த ரெண்டும்?

சேதுராமன்: தற்செயலின் தொடர்ச்சி.

ஹலீம்: எனக்கு இது வெளையாட்டில்ல சேர். தமிழ் மன்றத்துச் செயலாளர் இராமநாதன் ஐயா காலையில போன்ல கோல் எடுத்தார். இண்டைக்கும் நடுவில நிண்டா, அடுத்த மாசம் தொடங்கி குண்டசாலை ஜவாஹிர்ட மைக்செட்டும் அவன்ட ஜெனரேட்டரும்தானாம். கரண்ட் கட் வந்ததில இருந்து கல்யாண வீட்டுக்காரங்க மைக்கே வேணாம் என்றாங்க. எனக்கு மிச்சம் ஈக்கிறது ஒங்கட மன்றம் மட்டும்தான். அதுவும் போனா ஸ்பீக்கர் ரெண்டையும் மடவளையில என்ட வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூடு செய்யத்தான் சரி.

சேதுராமன்: அப்படியெல்லாம் நடக்காது. இன்று மாலை பிரதம விருந்தினர் வருகிறார். எனக்குச் "சொற்பெருவெள்ளம்" என்ற பட்டம் சூட்டப்படுகிறது. அந்த நாளில் சேதுசக்தி என்னைக் கைவிடுமா?

ஹலீம்: அதையும் கேக்கணும் என்டு இருந்தேன். பேச்சு ஒண்டையும் முடிக்காத ஆளுக்கு என்ன சேர் பட்டம்?

சேதுராமன்: முடிக்காததால்தான். மீதியை அவர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். சென்ற கூட்டத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கண்கலங்கினார். மின்சாரம் மட்டும் இருந்திருந்தால் தமிழுக்கு எவ்வளவு பெரிய கருத்துக் கிடைத்திருக்கும் என்றார்.

சுந்தரி: டீ எடுத்துக்குங்க ஹலீம் நானா. சீனி கொஞ்சந்தான், கடையிலயே இல்ல. என்னங்க, பெட்டியத் தொறக்க விட்டீங்களா இல்லையா?

ஹலீம்: எங்க விட்டார் அக்கா. வந்ததில இருந்து சரித்திரம் போகுது.

சேதுராமன்: சரித்திரம் தெரியாமல் மின்சாரம் விளங்காது. நகரசபையின் தெருவிளக்குப் பிரிவில் நான் சேவையாற்றிய காலத்தில்...

சுந்தரி: லைட் எரியலன்னு வர்ற கடுதாசிக்கு நம்பர் போட்டீங்க.

சேதுராமன்: மின்சாரத்துக்கு மிக அருகில் இருந்தேன் என்று சொல்ல வந்தேன்.

சுந்தரி: நாலு மாசமா இத மேசை மேல வச்சிருக்கீங்க, நாங்க பாயில உக்காந்து சாப்பிடறோம். இது என்னதான் செய்யுதுன்னு இன்னும் எனக்கு யாரும் சொல்லல்ல.

சேதுராமன்: சேமகலத்தின் தாழ் அழுத்தத்தை அதிவேக ஆளி முறையில் உயர் அழுத்தமாக்கி, நிலைநிறுத்தி...

சுந்தரி: நானா, நீங்க சொல்லுங்க.

ஹலீம்: லொறி பெட்டரில பன்னெண்டு வோல்ட் ஈக்கி. என்ட எம்ப்ளிஃபயருக்கு நாப்பது வேணும். பெட்டி அந்தக் கரண்டை விரைசா வெட்டி வெட்டி விட்டு நாப்பதாக்குது. நாப்பதுக்குக் கூடினா கொறைக்கும், கொறஞ்சா கூட்டும். தாங்க ஏலாத பாரம் வந்தா, தானா நிண்டுக்கும்.

சுந்தரி: தாங்க முடியலன்னா தானா நின்னுக்குமா? அப்ப வீட்டுல இது ஒண்ணாவது இருக்கட்டும்.

சேதுராமன்: சுந்தரி, அடுப்பில் ஏதோ கருகுகிறது.

சுந்தரி: கேஸே இல்லாத அடுப்புல என்னங்க கருகும்? நீங்க தொறங்க நானா, நான் பார்க்கணும்.

ஹலீம்: இன்னா, மூடி வந்திட்டு. சேர், மீட்டரை இந்த முனையில பிடிங்க. அந்த முனை இல்ல, அது என்ட விரல். ...சரி. சும்மா ஈக்கிற நேரம் எவ்வளவு காட்டுது?

சேதுராமன்: நாற்பது. எள்ளளவும் பிசகில்லை.

ஹலீம்: நல்லம். இப்ப எம்ப்ளிஃபயர்ட வாசல்ல பிடிங்க. அக்கா, மைக்ல எதையாவது சத்தமாச் சொல்லுங்க.

சுந்தரி: எதையாவதுன்னா?

ஹலீம்: அதுவே போதும். சேர், எவ்வளவு?

சேதுராமன்: ...முப்பது.

ஹலீம்: பெட்டியில நாப்பது, எம்ப்ளிஃபயர்ல முப்பது. பத்து எங்க போச்சு? இந்த வயரைப் பாருங்க, கொதிக்குது. இது எங்கால எடுத்த வயர் சேர்?

சேதுராமன்: உயர்ந்த ரகம். வாசல் மணியிலிருந்து எடுத்தது.

சுந்தரி: அதான் பெல் அடிக்கல்லியா? தபால்காரர் கேட்டுல கல்லால தட்டறார், நான் அவர் குணம் மாறிப்போச்சுன்னு நெனச்சேன்.

ஹலீம்: வெளங்குது அக்கா. பெட்டி தன்ட வாசல்ல மட்டும் பார்த்திட்டு, நாப்பது ஈக்கிதானே என்டு நிம்மதியா ஈக்கி. போற வழியில மெல்லிசு வயர் பத்தைத் தின்டுடுது. நான் தடிச்ச வயர் போடுறேன். பெட்டி பார்க்கிற வயரையும் எம்ப்ளிஃபயர் வாசலுக்கே இழுத்துடுறேன், அப்ப போய்ச் சேர்றதைப் பார்த்துத் திருத்தும். ...கொஞ்சம் பொறுங்க. ...ஆ. இப்ப பிடிச்சுப் பாருங்க. அக்கா, பேசுங்க.

சுந்தரி: எதையாவது, எதையாவது.

சேதுராமன்: முப்பத்தொன்பதரை. அசையவில்லை.

ஹலீம்: அல்ஹம்துலில்லாஹ். அப்ப மொதல் கூட்டத்தில நிண்டது இதாலதான். ஒங்கட சத்தத்துக்கு வோல்ட் விழுந்தீக்கி, விழுந்தா நிப்பாட்டுற பாதுகாப்பு ஒண்டு எம்ப்ளிஃபயருக்குள்ள ஈக்கி, அது நிப்பாட்டீக்கி.

சேதுராமன்: அப்படியானால் பழுது நீங்கிவிட்டது. மூடிவிடு. மூன்று சில்லு வண்டி வருகிற நேரமாகிறது.

ஹலீம்: ஏன் சேர் இவ்வளவு அவசரம்? பாரம் வச்சுப் பார்க்கணும். லொறி லைட் பல்ப் ரெண்டை ஒண்டாக் கோத்துக் கொண்டுவந்தீக்கிறேன். ஒங்கட கொரலை விட இது கூடக் கரண்ட் இழுக்கும்.

சேதுராமன்: என் குரலை ஒரு பல்போடு ஒப்பிடுகிறாய்.

ஹலீம்: பல்ப் எரிஞ்சா வெளிச்சமாவது வருமே சேர். ...இன்னா, எரியுது. டீ குடிச்சு முடியிற வரைக்கும் எரியட்டும்.

சுந்தரி: எரியுது நானா. எங்க வீட்டுல இவ்வளவு வெளிச்சம் பார்த்து எவ்வளவு நாளாச்சு. அலுமாரிக்குப் பின்னால ஒட்டறை இருக்கறதே இப்பதான் தெரியுது.

ஹலீம்: டீ முடிஞ்சுது, நிக்கல்ல. இனி மைக். முதல்ல நான் பேசுறேன். மடவளை, வத்தேகம, மடவளை, வத்தேகம, ஏறுங்க ஏறுங்க, உள்ளுக்குப் போங்க, பின்னால எடம் ஈக்கி, மடவளை...

சுந்தரி: நானா, போதும். கீழ ரோட்டுல நாலு பேரு பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க. டீசல் வந்திருச்சான்னு கேக்கறாங்க.

ஹலீம்: பாவம். இல்லையென்டு சொல்லுங்க அக்கா. மைக்லயே சொல்லுங்க, அதுவும் டெஸ்ட்தான்.

சுந்தரி: பஸ் இல்லீங்க, மன்னிச்சுக்குங்க, இது பவர் சப்ளை. அப்படியே, மேல் வீட்டு இராஜேஸ்வரி அக்கா, சித்திரை வருசப் பொறப்புக்கு வாங்கிட்டுப் போன தேங்காய் திருவலை இன்னும் வரல்ல. கேட்டா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்றீங்க. ஒங்க வீட்டுல தேங்காய் திருவற சத்தம் எனக்கு இங்க கேக்குது. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல்ல. ஊருக்குத்தான் என்ன நெனைக்கும்னு தெரியல்ல.

ஹலீம்: முப்பத்தொன்பதரை. மலை மாதிரி நிக்குது.

சுந்தரி: திருவலையும் வந்திருச்சு நானா. கேட்டுல வச்சிட்டு ஓடறாங்க. மூணு மாசமா வராதது மூணு நிமிசத்துல வந்திருச்சு. இந்தப் பெட்டிய நான் இவ்வளவு நாளும் தப்பா நெனச்சுட்டேன்.

ஹலீம்: இனி நீங்க சேர். மண்டபத்தில எப்படியோ, அப்படியே செய்ங்க.

சேதுராமன்: அப்படியென்றால் சேதுசக்தி என் வலப்பக்கம், மேசைக்குக் கீழே தரையில் இருக்க வேண்டும். மக்கள் அதைப் பார்க்க வேண்டும்.

ஹலீம்: மேசைக்குக் கீழ வச்சா எப்படி சேர் சனம் பார்க்கும்?

சேதுராமன்: உணர்வார்கள். இந்தச் சிறிய பாயையும் நானே விரிக்கிறேன். நான் மிதியடியைக் கழற்றிவிட்டுத்தான் தமிழ் பேசுவேன்.

ஹலீம்: வலது செருப்பை மட்டும் கழட்டுறீங்க.

சேதுராமன்: மேடைத்தமிழுக்கு ஒன்று போதும். ...அவைத்தலைவர் அவர்களே, மலையெனத் திரண்டிருக்கும் மாந்தர்காள், மகாவலியின் கரையிலே, மஞ்சு தவழும்...

சுந்தரி: "மாணிக்கச் சாரலிலே". அத விட்டுட்டீங்க.

சேதுராமன்: ...மாணிக்கச் சாரலிலே, மஞ்சு தவழும் மாமலையிலே, மின்னல் எனும் பெண்ணாளைப் பெட்டிக்குள்...

சுந்தரி: "பேழைக்குள்".

சேதுராமன்: ...பேழைக்குள் அடைத்த பேறு பெற்றவன் நான். ஆயினும் என்ன பயன்? நாம் எங்கே போகிறோம்? எங்கிருந்து வந்தோம்? இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம்? ஆகவே அவையோரே, இனி நான் விடயத்துக்கு வருகிறேன்.

ஹலீம்: ...போச்சு.

சேதுராமன்: பார்த்தாயா?

ஹலீம்: மீட்டர்ல ஒண்டும் இல்ல. வோல்ட் விழவும் இல்ல, பாரம் கூடவும் இல்ல. நல்லா நடந்துபோற ஆள் சடக்கென்டு உக்கார்ந்த மாதிரி. சேர், ஒண்டு கேக்கிறேன், ஏன் சந்தோசமா ஈக்கிறீங்க?

சேதுராமன்: சந்தோஷமா? வேதனை. வேதனையிலும் நான் புன்னகைப்பவன்.

ஹலீம்: திரும்பப் போடுறேன். அக்கா, அதே வசனத்தை நீங்க சொல்லுங்க. இதே எடத்தில நிண்டு.

சுந்தரி: ஆகவே அவையோரே, இனி நான் விடயத்துக்கு வருகிறேன். ...வந்துட்டேன். ...நானா, எம்ப்ளிஃபயர் லைட் இன்னும் எரியுதே.

ஹலீம்: நிக்கல்ல. அக்காவுக்கு சேர்ட பேச்சு முழுக்கப் பாடம் போல.

சேதுராமன்: தினமும் கேட்பவள். கேள்விஞானம்.

சுந்தரி: ஆமா. கேள்விஞானம்.

ஹலீம்: அப்ப அக்கா சொன்னா நிக்கல்ல, சேர் சொன்னா நிக்குது. என்ன வித்தியாசம்?

சேதுராமன்: கருத்தின் கனம். அவள் வெறும் ஓசையாகச் சொல்கிறாள். நான் சொல்லும்போது பின்னால் ஒரு பெரிய விடயம் வந்து நிற்கிறது. அந்தப் பாரத்தைச் சேதுசக்தி முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறது.

ஹலீம்: அப்படியென்டா மைக் இல்லாமலே மிச்சத்தைச் சொல்லுங்க. எவ்வளவு பாரம் என்டு நான் ஒரு கணக்குப் பிடிக்கிறேன்.

சேதுராமன்: மின்சாரம் இல்லாத இடத்தில் நான் விடயம் பேசுவதில்லை.

ஹலீம்: சரி, மேசைக்கு அந்தப் பக்கம் நிண்டு மைக்ல பேசுங்க.

சேதுராமன்: அது வடக்கு.

ஹலீம்: வடக்கென்டா?

சேதுராமன்: இடுப்புப் பிடிப்பு.

ஹலீம்: ...சேர், இது என்ன? இந்த மெல்லிசு நீல வயர். பெட்டி தானா நிக்கிற பாதுகாப்பில இருந்து தொடங்கி, அடி ஓட்டையால வந்து, பாய்க்குக் கீழ போகுது.

சேதுராமன்: அதைத் தொடாதே. இடிதாங்கி.

ஹலீம்: இடிதாங்கி கூரையில தானே வைக்கிற.

சேதுராமன்: கண்டியில் இடி பக்கவாட்டில் வரும். நகரசபை அனுபவம்.

ஹலீம்: பாய்க்குக் கீழ ஒரு பட்டனும் ஈக்கி. வாசல் பெல்லுட பட்டன் மாதிரி.

சுந்தரி: அட, நம்ம பட்டன். நான் அதக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்.

சேதுராமன்: அது... இடியை எண்ணும் கருவி. ஹலீம், உனக்குத் தெரியாத துறையில் நீ ஆழமாக இறங்குகிறாய்.

ஹலீம்: சரி சேர். நான் எறங்கல்ல. நீங்க போய் சால்வையை உடுத்துங்க. நான் மூடியைப் பூட்டி, எல்லாத்தையும் திரீவீல்ல ஏத்துறேன்.

சேதுராமன்: அந்த வயர்?

ஹலீம்: இடி வரக்கூடாதே சேர். கவனமாப் பார்த்துக்கொள்றேன்.

*

சேதுராமன்: எல்லாரும் போய்ட்டாங்களா?

ஹலீம்: கீழ வடை குடுக்கிறாங்க சேர். மண்டபத்தில இப்ப நாங்க மூணு பேரும் கதிரைகளும்தான். என்ன, திடீரென்டு சாதாரணமாப் பேசுறீங்க?

சேதுராமன்: மூச்சு வாங்குது. ஹலீம், உண்மையச் சொல்லு. அந்த நீல வயர என்ன செஞ்ச?

ஹலீம்: இடிதாங்கியையா? வீட்டிலயே வெட்டிட்டேன். நீங்க சால்வை உடுத்தின நேரம்.

சேதுராமன்: அடப்பாவி.

ஹலீம்: நான் எம்ப்ளிஃபயருக்குப் பின்னால இருந்து ஒங்கட காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "விடயத்துக்கு வருகிறேன்" என்டீங்க. பெருவெரல் பாயை அமத்திச்சு. ஒண்டும் நடக்கல்ல. திரும்ப அமத்தினீங்க. பொறகு குதிக்காலால. கடைசியில பாய்ல ஏறி நிண்டீங்க. பிரதம விருந்தினர் அது ஏதோ அபிநயம் என்டு கை தட்டினார்.

சேதுராமன்: முதல் கூட்டத்துல தானாத்தான் நின்னுச்சு, சத்தியமா. கைதட்டின கைதட்டல் இருக்கே, அப்படி என் வாழ்க்கையில கேட்டதில்ல. அடுத்த மாசம் நிக்காமப் போயிட்டா என்ன செய்றதுன்னு பயந்துதான் பட்டன் வச்சேன்.

ஹலீம்: என்ட மைக்செட்டுட பேர் நாசமாப் போறது ஒங்களுக்குத் தோணல்லியா?

சேதுராமன்: தோணிச்சு. பேச்சுக்கு நடுவுல ஒரு நன்றி சொல்லிடலாம்னு இருந்தேன். அந்த எடம் வர்றதுக்குள்ள கரண்ட் போயிரும்.

ஹலீம்: சரி, அது போகட்டும். வயரை நான் வெட்டிட்டேன், பட்டன் வேலை செய்யல்ல. நீங்களும் வழியில்லாம "முதலாவது விடயம் என்னவென்றால்" என்டு சொன்னீங்க.

சேதுராமன்: மூணு தரம் சொன்னேன்.

ஹலீம்: மூணாவதுக்கு மைக் போச்சே. எப்படிப் போச்சு?

சேதுராமன்: நீதான் எரக்கப்பட்டு நிப்பாட்டினன்னு நெனச்சேன். மனசுக்குள்ள ஒன்ன கும்பிட்டேன்.

ஹலீம்: நானா? நிண்டா ஜவாஹிர்ட ஜெனரேட்டர் என்டு கழுத்தில கத்தி ஈக்கிற ஆள் நான். ஓடிப்போய் பெட்டியைப் பார்த்தேன், அதில ஒரு பழுதும் இல்ல. உள்ளுக்கு வாற கரண்டே இல்ல. பெட்டரிட கிளிப் கழண்டு கீழ கெடந்துச்சு.

சேதுராமன்: பெட்டரிக்குப் பக்கத்துல யார் இருந்தது?

ஹலீம்: பொம்பளைங்கட வரிசை. மொதல் கதிரை அக்கா.

சுந்தரி: என் குடைப்பிடி வளைஞ்சது நானா. அது போய் அந்தக் கிளிப்புல மாட்டிக்கிச்சு.

ஹலீம்: மாட்டிச்சா, மாட்டினீங்களா?

சுந்தரி: குடைய நான் இழுத்தேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு.

சேதுராமன்: சுந்தரி...

சுந்தரி: நீங்க பேசாம இருங்க. பாய்ல ஏறிக் குதிக்கிற மனுசன எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கிட்டு இருக்கறது? நானா, ஒங்களுக்கு இதால வேலை போயிருமா? இராமநாதன் ஐயா என்ன சொன்னாரு?

ஹலீம்: அதைத்தான் சொல்ல வந்தேன். பேச்சு நிண்டதும் என்னையத் தேடி நேரா வந்தார். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால ஒளிஞ்சேன். பார்த்தா மனுசன் கண்ணைத் தொடைக்கிறார். பிரதம விருந்தினர் அடுத்த மாசமும் வாறாராம், "முதலாவது விடயம்" என்ன என்டு கேக்காம சாகமாட்டாராம். ஜெனரேட்டர் வேண்டவே வேணாமாம், அதுட எரைச்சல்ல விடயம் கேக்காதாம். பெட்டியை மட்டும் சரியாத் திருத்திக் கொண்டு வரச் சொன்னார்.

சேதுராமன்: அப்ப ஒன் வேலை தப்பிச்சிருச்சு.

ஹலீம்: என்ட வேலை தப்பிச்சுது. ஒங்கட வேலை?

சேதுராமன்: ஹலீம், தம்பி, அந்த நீல வயர அடுத்த மாசத்துக்குள்ள திரும்ப ஒட்டிக் குடு.

ஹலீம்: ஏலாது. நானும் நாலு கூட்டமா இந்த ஸ்பீக்கரைத் தோள்ல சொமந்து மாடி ஏறுறேன். எனக்கும் அந்த விடயம் என்னென்டு தெரியணும். இப்பவே சொல்லுங்க, மைக் வேணாம்.

சேதுராமன்: அதை... அதை அவளிடம் கேள்.

ஹலீம்: அக்காட்டயா? நல்லம், அக்காட்டயே கேக்கிறேன். ஏன் அக்கா குடையை இழுத்தீங்க? இன்னும் ஒரு நிமிசம் விட்டீந்தா விடயம் வெளிய வந்தீக்குமே.

சுந்தரி: எங்கேர்ந்து வரும் நானா? அடுப்படியில வச்சு இவருக்கு நான் சொல்லிக் குடுத்தது அந்த வரி வரைக்குந்தான், அதுக்கு மேல நானே இன்னும் யோசிக்கல்ல.